அடுப்படிக்கு ஒரு புத்தகம்

பொட்டல்குறிச்சியில அடுப்புகள் புத்தகம் கேக்க ஆரம்பிச்சது ஐப்பசி மாசம், லாரி டிரைவர் ஆனையப்பனைப் பெரியாஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அதே வாரத்துல. எந்தச் சாமிக்குக் குறை வச்சோம்னு கோடாங்கி ஒரு காரணம் சொன்னான், சிலிண்டர் போடுறவன் ஒரு காரணம் சொன்னான், ரெண்டையும் கேட்டுக்கிட்டு ஊரு பேசாம இருந்துச்சு. காரணம் தெரிஞ்சிட்டா மட்டும் உலை கொதிச்சிரவா போகுது?

அன்னைக்குக் காலையில பால்காரன் பால் ஊத்திட்டுப் போனான், பொம்பளைகள் அடுப்பைப் பத்தவச்சாங்க, நீலமா ஒரு தீ எழும்பி வீட்டுக்காரி முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பாத்துட்டு அப்படியே அடங்கிப்போச்சு. சிலிண்டரை ஆட்டிப் பாத்தா நிறைஞ்சு கிடக்கு. விறகடுப்புக்காரங்க ஊதி ஊதிக் கண்ணு செவந்ததுதான் மிச்சம். கரண்டு அடுப்பு செவந்து வந்து கறுத்துப்போச்சு. ஊர் முழுக்க ஒரே ஒரு அடுப்படியில இருந்துதான் தாளிக்கிற மணம் வந்தது, அது தளவாய் வீட்டு மருமக சொர்ணத்தோட அடுப்படி. அந்தப் பிள்ளை கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து சமையல் புத்தகத்தை மேடையில விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் கடுகே போடும், அதை மாமியார்காரி தெருத்தெருவாச் சொல்லிச் சிரிச்சவ, இப்ப அதே மாமியார் வாசல்ல நின்னுக்கிட்டு, "எங்க வீட்டு அடுப்பு எரியுது, வந்து பாருங்கட்டி"ன்னு பெருமையடிச்சா.

கொஞ்ச நாள்ல அடுப்போட குணம் ஊருக்குப் பிடிபட்டுப்போச்சு. பக்கத்துல சமையல் புத்தகம் விரிஞ்சு கிடந்தாத்தான் எரியும். செல்லைக் காட்டினா எரியாது, கையால எழுதி வச்சா எரியாது, ஜெராக்ஸுக்கும் மசியாது, அச்சடிச்சுத் தைச்ச புத்தகமா இருக்கணும். முதல்ல எந்தப் புத்தகத்தை விரிக்கியோ அதுதான் உன் வீட்டுப் புத்தகம், தாலி கட்டின மாதிரி, அப்புறம் மாத்த முடியாது. வீடு மாறிப் பாத்தவங்களுக்குப் புது அடுப்பும் பழைய புத்தகத்தையே கேட்டுச்சு. அந்தப் புத்தகத்துல இருக்கிறதை மட்டும்தான் வடிக்கலாம், வறுக்கலாம், பொரிக்கலாம். அதுல இல்லாததை ஏத்தினா தீ அணைஞ்சிரும், தண்ணி கூடச் சுடாது.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு. ஒரு வீட்டுல வெந்தது இன்னொரு வீட்டு நிலைப்படியைத் தாண்டினா வேகாததா ஆயிரும். தென்காசிக்குப் போன மினிபஸ் கண்டக்டர் நாலு பொட்டலம் இட்லி வாங்கிட்டு வந்து ஆசையாப் பிரிச்சான், வாழையிலையில ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் கிடந்துச்சு. அடுத்த வீட்டுலயே உக்காந்து முழுங்கிட்டு வந்தா அது முழுங்கினது முழுங்கினதுதான், அதை அடுப்பு திருப்பிக் கேக்காது. கொண்டுவரத்தான் முடியாது.

போக்கிடம் உள்ளவங்க போனாங்க. மத்தவங்க எல்லாம் நூலகத்துல போய் நின்னாங்க.

நூலகர் ஞானசிகாமணி சார் பேப்பர் படிக்க வாரவங்களைத் தவிர மனுசர் முகத்தையே பாக்காம கிடந்தவரு. அவரு முன்னால ஊரே நின்னுச்சு, அவரும் கல்யாண வீட்டுப் பந்தியில நிக்கிற மாதிரி தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு, "வீட்டுக்கு ஒண்ணுதான், வீட்டுக்கு ஒண்ணுதான்"னு சமையல் அலமாரியைக் காலி பண்ணினாரு. அது முடிஞ்சதும் பழைய பேப்பர் கடையில மூட்டையைப் பிரிச்சாங்க, மாதாந்தரப் புத்தகத்தோட ஓசியாத் தருவாங்களே முப்பது வகை, நாப்பது வகைன்னு, அந்த இணைப்புக்கெல்லாம் சண்டை நடந்துச்சு. ஆற அமர உக்காந்து எது நம்ம அன்னாடப் பாட்டுக்கு ஆகும்னு யாரு பாத்தா? அட்டையில வறுத்த கோழி பளபளன்னு இருந்தா அதை எடுத்தாங்க, தடியா இருந்தா அதை எடுத்தாங்க. விருந்தாளி வந்தா என்ன செய்யன்னுதான் யோசிச்சாங்களே தவிர, யாரும் வராத நாள்ல என்ன செய்யன்னு ஒருத்தரும் யோசிக்கலை. பாவம், கருத்தபாண்டி கண்ணாடி போடாம வந்து முப்பது வகைப் பாயசத்தை எடுத்துட்டுப் போயிட்டான்.

ஆனையப்பன் பொண்டாட்டி உலகம்மா அப்படி இல்லை. அவ நின்னு நிதானமாத்தான் பாத்தா. அவளுக்கு இருந்த கவலை ஊருக்கு இல்லை. "வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கம்மா, அவரு கேட்டதைக் குடுங்க"ன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாரு. முதல் பாதிக்கு என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியும், அதை அவ காதுக்குள்ளயே போட்டு மூடிட்டா. ரெண்டாவது பாதியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா. கேட்டதைக் குடுக்கணும். நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டி, போற வழியெல்லாம் ஓட்டல்ல தின்னு, வீட்டுக்கு வந்தா மீன்குழம்புக்கும் கோழிக்கும் உயிரை விடுற மனுசன். இன்னைக்கு எதைக் கேப்பாரோ, நாளைக்கு எதைக் கேப்பாரோ, எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லாத புத்தகமா வேணும்.

அவ முறை வந்தப்ப மேசையில ரெண்டே புத்தகம் மிச்சம். ஒண்ணு, செங்கல் கனத்துக்கு, ஆயிரத்தெட்டு விருந்து வகைன்னு தங்க எழுத்துல போட்டது. இன்னொண்ணு ஒல்லியா, அட்டையில படம்கூட இல்லாத பத்தியச் சமையல். அவளுக்குப் பின்னால நின்னவ எதிர்வீட்டு மாரிக்கனி.

ஞானசிகாமணி சாருக்கு ஆனையப்பன் நிலைமை தெரியும். அந்த ஒல்லிப் புத்தகத்தைத் தள்ளினாரு. "உலகம்மா, இதை எடுத்துக்கோங்க. நோயாளிக்குத் தோதா எல்லாம் இருக்கு. கஞ்சி, ரசம், பருப்புத் தண்ணி..."

உலகம்மா கையைப் பின்னால இழுத்துக்கிட்டா. பத்தியப் புத்தகத்தை அடுப்பு மேடையில நிரந்தரமா விரிச்சு வச்சா என்ன அர்த்தம்? சீக்கு இந்த வீட்டைவிட்டுப் போகாதுன்னு நாமளே பத்திரம் எழுதிக் குடுக்கிற மாதிரி ஆகாதா? நம்ம ஊர்ல சீக்காளி வீட்டுல மறந்தும் பாடைமூங்கில் பேச்செடுக்க மாட்டோம், தூங்குறவரைத் தெக்க தலை வச்சுப் படுக்கவிட மாட்டோம், அவ மட்டும் என்ன, வேற ஊர்ல பிறந்தவளா?

"எங்க வீட்டுல சீக்காளி யாரும் கிடையாது சார்"னு சத்தமாவே சொன்னா. "அவுகளுக்குக் கொஞ்சம் அசதி, தை பிறந்தா ஸ்டியரிங் பிடிச்சிருவாக." அந்த ஒல்லியை எடுத்து மாரிக்கனி கையில திணிச்சா. "இந்தாளா, பிள்ளை பெத்தவ உன் வீட்டுலதான இருக்கா, உனக்குத்தான் இது ஆகும்."

மாரிக்கனி மக செல்வராணி பிரசவத்துக்கு வந்து, பச்சைப்பிள்ளையோட கிடந்தா. மாரிக்கனி வாங்கிக்கிட்டா. உலகம்மா செங்கலை இடுப்புல வச்சுக்கிட்டு, புருசன் எழும்பி உக்காந்துட்ட மாதிரியே நடந்து வீட்டுக்குப் போனா.

ஊரு அதுக்கப்புறம் மணந்த மணம் இருக்கே! ஒரு வீட்டுல நெய்ச்சோறு, ஒரு வீட்டுல காளான் வறுவல், ஒரு வீட்டுல சைனாக்காரன் நூடுல்ஸ், பாலத்துல இருந்தே பசி எடுக்கும். கொஞ்ச காலம் கொண்டாட்டமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. இன்னைக்கு உங்க வீட்டுல, நாளைக்கு எங்க வீட்டுலன்னு தட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாங்க. பொண்ணு கேட்டு வந்தவங்க நகை நட்டைப் பேசறதுக்கு முன்ன, "உங்க வீட்டுப் புத்தகம் என்னது?"ன்னு கேட்டாங்க, இனிப்பு வகைன்னு தெரிஞ்சா காப்பி கூடக் குடிக்காம எழும்பிப் போனாங்க, காப்பிக்கும் அந்த வீட்டுல வழி கிடையாதுங்கிறது வேற விசயம். கருத்தபாண்டியைப் பாக்குறவங்க எல்லாம், "என்ன மாப்பிள்ளை, இன்னைக்குச் சேமியாவா ஜவ்வரிசியா?"ன்னு கேட்டாங்க, அவன் பொண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போனவ போனவதான்.

மழை ஓயறதுக்குள்ள கொண்டாட்டம் ஓஞ்சுபோச்சு. எந்தப் புத்தகத்துலயும் வெறுஞ்சோறு இல்லைங்கிறது அப்பத்தான் ஊருக்கு உறைச்சுது. சோத்தை எப்படி வடிக்கணும்னு அச்சுல எவன் போடுவான்? எழுதின அத்தனை பேரும் அது வாசிக்கிறவளுக்குத் தெரியும்னு விட்டுட்டான். சோறு இல்லை, சுடுதண்ணி இல்லை, ஒரு ரசம் இல்லை. தினமும் முந்திரிப்பருப்பும் பட்டை கிராம்புமாத் தின்னு ஊருக்கே நாக்கு செத்துப்போச்சு, வயிறு உப்பிப்போச்சு, ஒருத்தர் முகத்துலயும் களை இல்லை. ஊரே கல்யாண வீடு மாதிரி மணத்துச்சு, ஜனங்க இழவு வீட்டுக்காரங்க மாதிரி வாசல்ல உக்காந்திருந்தாங்க.

ஒரே ஒரு வீட்டுல மட்டும் கஞ்சி கொதிச்சுது, அது மாரிக்கனி வீடு. "பத்திய வீடு, பத்திய வீடு"ன்னு முதல்ல கேலி பேசினவங்களே தட்டோட வந்து அவ பட்டாசல்ல வரிசையா உக்காந்தாங்க, ஒரு கரண்டி கஞ்சிக்கும் ஒரு கை சீரக ரசத்துக்கும் ஆம்பளைகள் கண்ணு கலங்குறதை அந்தக் கூடத்துலதான் பாக்கணும். மாரிக்கனியும் முகம் கோணாம ஊத்தினா. ஆனா உலகம்மா அந்தப் படி ஏறலை. எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஏறுவா?

இங்க ஆனையப்பன் கட்டில்ல கரைஞ்சுக்கிட்டு இருந்தாரு. உலகம்மா புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி விதவிதமாச் செய்வா, கட்டிலுக்குப் பக்கத்துல கொண்டுவந்து, "என்னங்க, நெய்மீன் வறுவல், உங்களுக்குப் பிடிக்குமே"ம்பா. அவரு மோந்து பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்குவாரு. பேருக்கு ஒரு வாய் வாங்கினாலும் ஓங்கரிச்சு வெளிய வந்துரும். ஒரு நாள் காலையில அவளைப் பக்கத்துல கூப்பிட்டு, ரகசியம் சொல்லுற மாதிரி கேட்டாரு.

"ஏளா, ஒரு வாய் கஞ்சி தாயேன். உப்புப் போட்டு."

அம்புட்டுதான். டாக்டர் சொன்ன மாதிரி அவரு கேட்டுட்டாரு, ஆயிரத்தெட்டுல இல்லாத ஒண்ணைக் கேட்டுட்டாரு. உலகம்மா அடுப்படியில போய்ச் சேலை முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு அழுதா.

அப்புறம் அவ அடுப்பை ஏமாத்தப் பாத்தா. நெய்ச்சோத்துக்குத் தண்ணியைக் கூட வச்சா, தீ அணைஞ்சுது. பட்டை கிராம்பைப் போடாம விட்டா, தீ அணைஞ்சுது. முறைப்படி செஞ்ச நெய்ச்சோத்தை மசிச்சுப் பச்சைத்தண்ணி ஊத்திக் கரைச்சுக் குடுத்தா, அந்தக் கிராம்பு மணத்துக்கே அவரு நெளிஞ்சு, "வேண்டாம்ளா, வயித்தைப் பிரட்டுது"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. கட்டின புருசன் ஒரு வாய்க் கஞ்சிக்காகப் பொண்டாட்டியைக் கும்பிடுறதைப் பாக்க எந்தப் பொம்பளைக்குத் தாங்கும்? அவ புத்தகத்தைத் தூக்கிச் சுவத்துல எறிஞ்சா. அது விரிஞ்சு விழுந்த பக்கத்துல பாதாம் அல்வா இருந்துச்சு.

அன்னைக்கே ரோஷத்தை மூட்டை கட்டி வச்சுட்டு எதிர்வீட்டுப் படி ஏறினா.

"மாரிக்கனி, அவுக கஞ்சி கேக்காக."

மாரிக்கனி வாயைத் திறந்து ஒரு வார்த்தை குத்திக்காட்டலை. அப்பவே தூக்குச்சட்டியில பச்சரிசிக் கஞ்சியை ஊத்தி, மேல தட்டைப் போட்டு, துணியைச் சுத்தி, ரெண்டு பேருமா ரோட்டைத் தாண்டி ஓடினாங்க. சட்டி சுட்டுக்கிட்டேதான் இருந்துச்சு, நிலைப்படி வரைக்கும் சுட்டுச்சு. உள்ள கொண்டுபோய்த் திறந்தா பச்சைத்தண்ணியும் அடியில அரிசியும். திரும்ப ஊத்தினாங்க, கொல்லைப்புறமாக் கொண்டுபோனாங்க, சன்னல் வழியா நீட்டினாங்க. எப்படி வந்தாலும் அரிசிதான். கட்டில்ல கிடந்தவரு ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து திறந்து மூடினாரு.

"மதினி, இனி ஒரே வழிதான்"னு மாரிக்கனி மெதுவாச் சொன்னா. "அண்ணாச்சியை அங்கன கொண்டுவரணும்." சொல்லிட்டு அவளே நாக்கைக் கடிச்சுக்கிட்டா. உலகம்மாவுக்குப் புரிஞ்சுது. பச்சை உடம்புக்காரியும் தொட்டில் பிள்ளையும் இருக்கிற வீட்டுக்குள்ள, இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டுக் கிடக்கிறவரை யாரு கொண்டுபோவா? அங்கனயே ஒண்ணு ஆகிப்போச்சுன்னா? அங்க கிடக்கிறது நான் பெத்த மகளா இருந்தா, நான் மட்டும் சம்மதிப்பேனா?

"வேண்டாம்ளா. உன் வீட்டுக்கு அந்தப் பாவம் வேண்டாம்"னு உலகம்மா சொல்லிட்டு உக்காந்துட்டா. எதிர்வாசல்ல பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு இருந்த செல்வராணிதான், "யம்மா, கொண்டாரச் சொல்லு"ன்னு அங்க இருந்தே கத்தினா. "பசிச்ச மனுசன் வந்தா என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. கொண்டாங்க அத்தை."

உச்சி வெயில்ல நாலு ஆம்பளைகள் அவரை பிளாஸ்டிக் சேர்ல உக்காத்தி வச்சுத் தூக்கினாங்க. தெரு முழுக்க அவங்கவங்க நெய் மணத்தை விட்டுட்டு வாசலுக்கு வந்து நின்னுச்சு. லாரிச் சக்கரத்தைத் தனியாக் கழட்டி மாட்டின மனுசன், நாலு பேருக்கும் கனமே தெரியலை. மாரிக்கனி பட்டாசல்ல இறக்கி வச்சு, உலகம்மா பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து, ஸ்பூன்ல கஞ்சியை எடுத்து ஊதி ஊதி வாயில வச்சா. பாதி கடைவாயில வழிஞ்சுது. செல்வராணி எதையும் யோசிக்காம தன் பிள்ளைக்குப் பால் புகட்டுற சங்கை எடுத்து நீட்டினா. "இதுல குடுங்கத்தை, வழியாது."

முதல் சங்கு உள்ள இறங்குச்சு. ஆனையப்பன் தொண்டை ஏறி இறங்கினதைப் பட்டாசல்ல இருந்த அத்தனை பேரும் பாத்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு, எத்தனையோ காலத்துக்கு அப்புறம் அந்த முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு. "உப்பு சரியா இருக்கு"ன்னாரு. உலகம்மா ஒரே நேரத்துல சிரிச்சா, அழுதா, மாரிக்கனி கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

ரெண்டாவது சங்கை வாயில வாங்கினவரு கண்ணைத் திறந்து பாத்தாரு. எதிர்ல தொட்டில் ஆடிக்கிட்டு இருந்துச்சு, அதுக்குள்ள இருந்து ஒரு சின்னக் கால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அவரு அந்தக் காலையே பாத்தாரு. தன் நெஞ்சுக்குள்ள என்ன நடக்குன்னு மத்தவங்களுக்கு முன்ன அவருக்குத்தான தெரியும். முழுங்காம, வாயை இறுக்க மூடிக்கிட்டு, கையைத் தூக்கி வாசலைக் காட்டினாரு.

"என்னங்க? இன்னும் ஒரு வாய்..."

தலையை ஆட்டினாரு. திரும்பவும் வாசலைக் காட்டினாரு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டைக் காட்டினாரு. கண்ணு பிதுங்கி நிக்கி, மூச்சு இழுக்கு. மாரிக்கனி, "இருக்கட்டும் மதினி, இங்கனயே இருக்கட்டும், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்"னு அழுதா. அவரு கை இறங்கலை.

"தூக்குங்கய்யா, அவுக வீட்டுக்குப் போகணும்ங்காக"ன்னு உலகம்மா அலறினா. அவதான் முன்னால ஓடினா, அவதான் கதவை விரியத் திறந்தா, அவதான், "பாத்து, பாத்து, தலை இடிக்கப் போகுது"ன்னு சொல்லிக்கிட்டே சேரோட ஒரு பக்கத்தைப் பிடிச்சு நிலைப்படிக்கு மேல தூக்கிக் குடுத்தா. வேற எந்த நினைப்பும் அப்ப அவளுக்கு வரலை. கட்டில்ல கிடத்தினப்ப அவரு ரெண்டு தடவை செருமினாரு, நெஞ்சு ஒரு தடவை எழும்பி இறங்குச்சு. அதுக்கு மேல ஒண்ணும் இல்லை.

மறுநாள் காலையில ஆனையப்பன் தங்கச்சி நாச்சியார் புளியங்குடியில இருந்து மாரடிச்சுக்கிட்டு வந்தா, அவ வந்ததும் குளிப்பாட்டி, கோடித்துணி போட்டு, நெத்தியில காசு ஒட்டி, வெளிய கட்டிலைப் போட்டுக் கிடத்தினாங்க. உறவுக்காரப் பொம்பளைகள் வாய்க்கரிசிக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி பச்சரிசியை எடுத்துக்கிட்டு வரிசையா நின்னாங்க. முதல் கை பொண்டாட்டி கை. நாச்சியார் அண்ணன் தாடையில கட்டியிருந்த துணியை லேசாத் தளர்த்தி உதட்டை விலக்கினா.

விலக்கினவ அப்படியே நின்னா. வாய்க்குள்ள நிறைய அரிசி, நாக்குக்கு மேலயும் கடைவாயிலயும் தொண்டை வரைக்கும், வெள்ளை வெளேர்னு காஞ்ச பச்சரிசி.

"மதினி, இதென்ன, நமக்கு முன்னால யாரு போட்டா?"

உலகம்மா குனிஞ்சு பாத்தா. முழுங்காத அந்த ரெண்டாவது சங்கு அப்பத்தான் அவ நினைப்புக்கு வந்துச்சு. கையில இருந்த அரிசியை நழுவ விட்டுட்டுக் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்தா.

"நாந்தான் போட்டேன்"னா. "உசிரோட இருக்கையிலயே நாந்தான் போட்டேன்."

பின்னால நின்ன பொம்பளைகளுக்கு ஒண்ணும் விளங்கலை. கைப்பிடி அரிசியைப் போடவும் முடியாம, கீழ கொட்டவும் முடியாம, வெயில் ஏறுற வரைக்கும் அப்படியே நின்னாங்க.